ரீஜன்ட் ஸ்ட்ரீட்டில் நிற்கக் கூடாது

விக்டோரியா காலத்து லண்டனில் வசதியான வீட்டுப் பெண் ஒருத்தி மதியம் மூன்று மணிக்கு ரீஜன்ட் ஸ்ட்ரீட்டுக்குக் கிளம்பினால், வாங்குவதற்கு ஏதாவது இருந்தாக வேண்டும் என்றில்லை. ஒரு ஜோடி கையுறை, கொஞ்சம் ரிப்பன் என்று சாக்குக்கு ஒன்று போதும். போவது நடக்க, பார்க்க, முக்கியமாகப் பார்க்கப்பட. அதே தெருவுக்கு, அதே கையுறை வாங்க, இரவில் தனியாகப் போனால் போலீஸ் பிடித்துக்கொண்டு போகலாம். மிகைப்படுத்திச் சொல்லவில்லை. 1887இல் ஒரு பெண்ணைப் பிடித்தேவிட்டார்கள், அந்த விவகாரத்தில் நாடாளுமன்ற வாக்கெடுப்பு ஒன்றில் அரசாங்கமே தோற்றது. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன், முதலில் தெரு.

ரீஜன்ட் ஸ்ட்ரீட் தானாக வளர்ந்த கடைவீதி இல்லை. 1813இல் சட்டம் போட்டு, ஜான் நாஷ் என்ற கட்டடக்கலைஞரை வைத்து, இருந்த வீடுகளை இடித்து ஊருக்கு நடுவே வெட்டிய தெரு. 1820களின் நடுவில் ஏறக்குறைய முடிந்துவிட்டது. கோட்டை எங்கே இழுப்பது என்று நாஷ் யோசித்த விதம்தான் சுவாரசியம். மேற்கே மேஃபேர், பிரபுக்களும் பணக்காரர்களும் இருக்கும் சதுக்கங்கள். கிழக்கே சோஹோ, கைத்தொழில் செய்கிறவர்களும் சிறு வியாபாரிகளும் நெருக்கியடித்து வாழும் குறுகிய தெருக்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் எல்லைக்கோடு மாதிரி புதுத் தெரு வரவேண்டும் என்று அவர் தன் அறிக்கையிலேயே எழுதிவைத்தார், ஒளிவுமறைவே இல்லை. எல்லை போட்டது சரி, ஆனால் எல்லையின் மேலேயே ஊரின் மிக அழகான கடைகளைக் கொண்டுபோய் வைத்தால் இரண்டு பக்கத்து ஆட்களும் அங்கேதானே வருவார்கள்? பிறகு நூறு வருஷத்துக்கு நடந்த தகராறுகளுக்கெல்லாம் விதை அங்கேயே இருக்கிறது.

பிக்காடிலி சர்க்கஸ் பக்கம் தெரு வளைகிற இடத்துக்குக் குவாட்ரண்ட் என்று பெயர். அந்த வளைவின் இரு பக்கமும் நாஷ் வார்ப்பிரும்புத் தூண்கள் நிறுத்தி, நடைபாதைக்கு மேல் கூரை போட்டார். லண்டன் மழை தெரிந்த ஆள். மழையில் நனையாமல் நடக்கலாம், கடை பார்க்கலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கூரை போட்டதால் கடைக்குள் வெளிச்சம் வராமல் போயிற்று, இருட்டியதும் தூண்களுக்கு நடுவே பாலியல் தொழில் செய்யும் பெண்களும் அவர்களைத் தேடி வருகிறவர்களும் ஒதுங்கி நின்றார்கள். கடைக்காரர்கள் புலம்பிப் புலம்பி 1848இல் தூண்களைப் பிடுங்கவைத்தார்கள். நிழல் இருந்தால் ஆள் நிற்பான், நிற்கிறவன் எல்லோரும் வாடிக்கையாளன் இல்லை என்பது வியாபாரிகளின் கணக்கு.

ஆனால் நிற்க வைக்காமல் விற்கவும் முடியாதே. 1845இல் பிரிட்டனில் கண்ணாடி மீதான வரியை ரத்து செய்தார்கள். அதுவரை சின்னச் சின்னச் சதுரக் கண்ணாடிகளை மரச் சட்டத்தில் கோத்துதான் கடை ஜன்னல் செய்தார்கள், வரி போனதும் ஆள் உயரத்துக்கு ஒரே தகடாக ஜன்னல் வைக்கிற வேகம் கூடியது. உள்ளே வாயு விளக்கு, வெளியே நடைபாதை, நடுவில் இருப்பதே தெரியாத கண்ணாடி. பட்டுத்துணியை அருவி மாதிரி மடித்துத் தொங்கவிட்டு, தொப்பிகளை அடுக்கி, தெருவில் போகிறவளின் கால் நிற்கவேண்டும் என்பதற்காகவே ஒருவர் காலையில் இரண்டு மணி நேரம் ஜன்னலை ஜோடிப்பார். நாம் இன்று விண்டோ ஷாப்பிங் என்கிறோமே, அது இந்தக் கண்ணாடியால் ஊர்ப்பழக்கம் ஆனது.

அதற்கு நேர் எதிராக நின்றது மரியாதைச் சாத்திரம். அந்தக் காலத்து நடத்தைக் கையேடுகள் பெண்ணுக்குத் தெருவைப் பற்றிச் சொல்வதெல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான்: நடந்துகொண்டே இரு. வேகமாக நடக்காதே, இழுத்து இழுத்தும் நடக்காதே, அங்குமிங்கும் பார்க்காதே, சத்தமாகச் சிரிக்காதே, திரும்பிப் பார்க்காதே, காரணமில்லாமல் நிற்காதே. தெரிந்த ஆண் எதிரே வந்தால் அவன் முதலில் தொப்பியைத் தொடக் கூடாது. அவள் லேசாகத் தலையசைத்த பிறகுதான் அவன் தொப்பியைத் தூக்கலாம். அவளுக்கு அவனைத் தெரியாததுபோல் போய்விடும் உரிமை உண்டு. அதற்கு ஆங்கிலத்தில் ஒரு பெயரே இருந்தது, ‘கட்’ கொடுப்பது என்பார்கள். ஒரு தலையசைப்பைக் கொடுக்காமல் விட்டே ஒருவனை ஊர் முன்னால் ஒன்றுமில்லாதவன் ஆக்கிவிடலாம். பேச வேண்டுமென்றால் நடுவழியில் நின்று பேசக் கூடாது, ஆண்தான் தன் வழியை விட்டுத் திரும்பி அவளோடு கொஞ்சதூரம் நடந்தபடி பேசவேண்டும். கவனித்தால் தெரியும், விதிகள் எல்லாமே நிற்பதைத் தவிர்க்கப் போடப்பட்டவை.

நேரமும் முக்கியம். பகல் இரண்டிலிருந்து ஐந்து, ஆறு மணி வரை ரீஜன்ட் ஸ்ட்ரீட். நடைபாதை ஓரம் வரிசையாகச் சாரட்டுகள், அவற்றின் பக்கத்தில் சீருடைப் பணியாளர்கள் பொட்டலம் வாங்கக் காத்திருப்பார்கள். மாலையானால் கூட்டம் ஹைட் பார்க் பக்கம் வண்டியில் போய்விடும். இதிலும் சீசன் உண்டு. நாடாளுமன்றம் நடக்கிற வசந்தம், கோடை மாதங்களில்தான் பெரிய வீடுகள் லண்டனில் இருக்கும், ஆகஸ்டில் பறவை வேட்டை தொடங்கியதும் கிராமத்து மாளிகைகளுக்குப் போய்விடுவார்கள், அப்புறம் ஊரில் லட்சக்கணக்கான பேர் இருந்தும் ‘லண்டனில் யாருமே இல்லை’ என்பார்கள்.

தெருக்களிலும் பேதம். செயின்ட் ஜேம்ஸ் ஸ்ட்ரீட்டில் ஆண்களின் கிளப்புகள் வரிசையாக இருந்தன, அவற்றின் ஜன்னல்களில் உட்கார்ந்து வெளியே பார்ப்பதே உறுப்பினர்கள் பலருக்கு உத்தியோகம், அதனால் நல்ல குடும்பத்துப் பெண் அந்தப் பக்கம் நடக்க மாட்டாள். 1819இல் திறந்த பர்லிங்டன் ஆர்கேட் என்ற கடைப்பாதையில் கூரையுண்டு, ஒழுங்குபடுத்தச் சீருடைக் காவலர்கள் உண்டு, விசிலடிக்கக் கூடாது என்று அவர்கள் விதி இன்றும் வைத்திருக்கிறார்கள், ஆனாலும் பிற்பகலில் அதற்குப் பெயர் கெட்டிருந்தது. தொப்பி விற்கும் சின்னக் கடைகளின் மாடி அறைகளில் வேறு வியாபாரம் நடந்தது என்று ஊரே பேசிக்கொண்டது. ஆக, வளர்ந்த ஒரு பெண்ணின் தலைக்குள் ஒரு வரைபடம் இருந்தாக வேண்டும், அதில் எந்தத் தெரு என்பதோடு எந்த மணிக்கு, யாருடன் என்பதும் குறித்திருக்கும்.

இனி உடுப்பு. 1856 வரை பாவாடையை விரிக்க அடியில் நாலைந்து உள்பாவாடை போட்டுச் சுமந்தார்கள். அந்த வருஷம் எஃகு வளையங்களால் ஆன கூண்டு வந்தது. எடை குறைந்தது, அகலம் ஏறியது, மூன்று பெண்கள் சேர்ந்து நடந்தால் நடைபாதை முடிந்தது. அதே 1856இல் வில்லியம் பெர்கின் என்ற பதினெட்டு வயதுப் பையன் மலேரியாவுக்கு மருந்து செய்யப் போய், நிலக்கரித் தாரிலிருந்து எடுத்த பொருளில் ஊதாச் சாயம் கண்டுபிடித்தான். 1858இல் மகளின் கல்யாணத்துக்கு விக்டோரியா மகாராணி அந்த நிறத்தில் உடுத்தினார், அவ்வளவுதான், தெரு முழுக்க ஊதா. அடுத்து மெஜந்தா, அடுத்து பளீர் பச்சை. சாயம் மலிவாக மலிவாக வீட்டு வேலைக்காரப் பெண்ணும் ஞாயிற்றுக்கிழமை ஊதா உடுத்தினாள், அப்போது மேல்தட்டுக்காரர்கள் என்ன செய்வார்கள்? தெருவில் நடக்கும்போது அடக்கமான நிறம்தான் அழகு என்று சொல்லிவிட்டார்கள். வண்டியில் உட்கார்ந்து வந்தால் பகட்டாக உடுத்தலாம், கால்நடையாக வந்தால் கண்ணை உறுத்தக் கூடாது. விலை கூடியது எது என்பது தெரிந்தவர்களுக்கு மட்டும் தெரியும்படி, துணியின் தரத்திலும் தையலிலும் கையுறையின் பொருத்தத்திலும் போய் ஒளிந்துகொண்டது.

தெருவோ குதிரைச் சாணத்தில் மிதந்தது. பாவாடையைத் தரையில் படாமல் தூக்கவும் வேண்டும், கணுக்கால் தெரியவும் கூடாது. தூக்கிப் பிடிக்க என்றே கொக்கிகள் விற்றார்கள், விளிம்பில் மாற்றித் தைக்கிற மாதிரி ஒரு நாடா வைத்தார்கள், சாலையைக் கடக்குமிடத்தில் துடைப்பத்தோடு ஏழைச் சிறுவர்கள் நின்று வழி கூட்டிவிட்டுக் காசு வாங்கினார்கள். இந்தச் சிறுவர்கள் நிற்கலாம், அவர்களை யாரும் எதுவும் கேட்கவில்லை.

துணிக்கடைகளைப் பற்றிச் சொன்னால் சால்வையைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஃபார்மர் அண்ட் ரோஜர்ஸ் என்ற கடை ரீஜன்ட் ஸ்ட்ரீட்டில் காஷ்மீர் சால்வைகளுக்குப் பேர்போனது. அகன்ற வளையப் பாவாடையின் மேல் விரித்துப் போட்டால் சால்வையின் முழு வேலைப்பாடும் முதுகில் தெரியும், நடமாடும் விளம்பரம் மாதிரி. 1870 வாக்கில் பாவாடையின் அகலமெல்லாம் பின்பக்கமாக ஒதுங்கி இடுப்புக்குக் கீழே ஒரு புடைப்பாக நின்றது, சால்வை அதன் மேல் சரியாக விழவில்லை. அதே சமயம் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் வந்து பாரிஸ் சந்தையும் படுத்தது. ஐரோப்பியத் தெருவில் ஒரு பாவாடையின் வடிவம் மாறியதற்கு ஸ்ரீநகரில் தறிக்காரர் குடும்பங்கள் பட்டினி கிடந்தன. அந்தக் கடையில் வேலை கற்ற ஆர்தர் லிபர்ட்டி 1875இல், வருங்கால மாமனாரிடம் 2,000 பவுண்டு கடன் வாங்கி, அதே தெருவில் மூன்று ஊழியர்களோடு சொந்தக் கடை திறந்தார். கிழக்கத்திய பட்டு, ஜப்பானியப் பொருள்கள். இன்றும் இருக்கிற லிபர்ட்டி அதுதான். துக்கத்துக்கும் அதே தெருவில் கடை இருந்தது, ஜேஸ் என்ற பெரிய நிலையம் 1841இலிருந்து துக்க உடைகள் விற்றது.

சரி, மூன்று மணி நேரம் நடக்கிறார்கள், ஒன்றுக்கு வந்தால் என்ன செய்வார்கள்? யாரும் எழுதிவைக்கக் கூச்சப்பட்ட கேள்வி, ஆனால் ஒரு பெண் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் வரலாம் என்பதை இதுதான் தீர்மானித்தது. 1851இல் லண்டனில் நடந்த கிரேட் எக்ஸிபிஷன் என்ற பெரிய கண்காட்சியில் ஜார்ஜ் ஜென்னிங்ஸ் கட்டணக் கழிப்பறை அமைத்தார், ஒரு பென்னி கொடுத்து 8 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பயன்படுத்தினார்கள். தேவை இருந்தது கண்கூடு. ஆனாலும் தெருவில் ஆண்களுக்குக் கட்டினார்களே தவிர பெண்களுக்கு வந்தவை மிகச் சில. ஆக்ஸ்ஃபோர்டு சர்க்கஸ் பக்கம் பெண்களுக்கென்றே ஒரு நிறுவனம் கழிப்பறை திறந்தது 1884இல்தான். அதுவரை கேக், ஐஸ்கிரீம் விற்கும் கடைகளில் எதையாவது வாங்கிவிட்டு உள்ளே கேட்க வேண்டியது, இல்லையேல் தண்ணீர் குடிக்காமல் வரவேண்டியது. உட்கார்ந்து சாப்பிடவும் இடமில்லை. பேஸ்வாட்டரில் பெரிய கடை வைத்திருந்த வில்லியம் வைட்லி 1872இல் தன் உணவறையில் மது பரிமாற உரிமம் கேட்டபோது, ரகசியச் சந்திப்புகளுக்குப் பெண்கள் அதைப் பயன்படுத்துவார்கள் என்ற பயத்தில் மறுத்துவிட்டார்கள்.

இந்தப் பழக்கம் லண்டனோடு நிற்கவில்லை. தங்கத்தில் கொழித்த மெல்போர்னில் காலின்ஸ் ஸ்ட்ரீட்டின் ஒரு துண்டு, எலிசபெத் ஸ்ட்ரீட்டுக்கும் ஸ்வான்ஸ்டன் ஸ்ட்ரீட்டுக்கும் நடுவில் இருக்கும் பகுதி, ‘தி பிளாக்’ என்றே பெயர் பெற்றது, அங்கே உலாத்துவதை ‘டூயிங் தி பிளாக்’ என்றார்கள். லண்டன் பத்திரிகையாளர் ஜார்ஜ் அகஸ்டஸ் சாலா 1885இல் அங்கே போய் அசந்துபோய் ‘மார்வலஸ் மெல்போர்ன்’ என்று பெயர் வைத்தார். நில விலைப் பித்தம் தலைக்கேறி, மிலான் நகரத்து ஆர்கேட்டைப் பார்த்து மொசைக் தரையோடு பிளாக் ஆர்கேட் கட்டினார்கள். அது கட்டி முடிந்த 1893இல் வங்கிகள் வரிசையாக மூடிக்கொண்டிருந்தன. உலாத்த இடம் தயார், உலாத்துகிறவன் திவால்.

திரும்ப லண்டனுக்கு. 1862 ஜனவரியில் டைம்ஸ் பத்திரிகையில் ஒரு தகப்பனார் கடிதம் எழுதினார்: என் பெண்கள் ஆக்ஸ்ஃபோர்டு ஸ்ட்ரீட்டில் நடந்தபோது ஆண்கள் பின்தொடர்ந்து முறைத்தார்கள், இது என்ன ஊர் என்று. பதில் கடிதங்களில் என்ன வந்திருக்கும் என்று ஊகிக்கப் பெரிய மூளை வேண்டாம். பெண்கள் என்ன உடுத்தியிருந்தார்கள், எப்படி நடந்தார்கள் என்று கேட்டார்கள். நூற்று அறுபது வருஷத்துக்கு முந்தைய கேள்வி, நேற்று வாட்ஸாப்பில் வந்தது போல இருக்கிறது.

பின்தொடர்கிற ஆண்கள் சொன்ன சமாதானத்தில் ஒரு பாதி உண்மை இருந்தது. பாலியல் தொழில் செய்தவர்களும் நன்றாக உடுத்தினார்கள், சிலர் பிரபு வீட்டுப் பெண்களைவிட நன்றாக. கடை ஜன்னல் முன் நிற்பது அவர்களுக்கு வசதியான போர்வை. பொருள் பார்க்கிறவள் மாதிரி நின்று கண்ணாடியில் பின்னால் வருகிறவனைப் பார்க்கலாம். அதனால் நிற்கிற பெண்ணைக் கண்டால் ஆண்களுக்குச் சந்தேகம், போலீசுக்கும் சந்தேகம். 1839ஆம் ஆண்டுப் பெருநகரப் போலீஸ் சட்டப்படி, விபசாரி ஒருத்தி ஆள் பிடிப்பதற்காகத் தெருவில் சுற்றி நின்று மற்றவர்களுக்குத் தொந்தரவு கொடுத்தால் 40 ஷில்லிங் வரை அபராதம். யார் விபசாரி என்பதைச் சட்டம் சொல்லவில்லை, கான்ஸ்டபிள் சொன்னார். தொந்தரவுக்கு உள்ளானவர் யார் என்று கேட்டால், அதற்கும் கான்ஸ்டபிளே சாட்சி.

எலிசபெத் காஸ் இதில்தான் மாட்டினாள். வெளியூரிலிருந்து வந்து லண்டனில் ஒரு பெண்மணி நடத்திய தையல் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. 1887 ஜூன் 28, மகாராணி பட்டத்துக்கு வந்த ஐம்பதாம் ஆண்டு விழா முடிந்த அடுத்த வாரம். கையுறை வாங்கலாம் என்று இரவில் ரீஜன்ட் ஸ்ட்ரீட்டுக்கு வந்தாள். எண்டகாட் என்ற கான்ஸ்டபிள் கைது செய்தார். இவள் ஆண்களைக் கையைப் பிடித்து அழைத்தாள், இதற்கு முன்பும் இதே தெருவில் பார்த்திருக்கிறேன் என்று சத்தியம் செய்தார். முதலாளியம்மா நேரில் வந்து, இவள் ஒழுக்கமான பெண், என் வீட்டில்தான் தங்கியிருக்கிறாள் என்றார். மாஜிஸ்திரேட் நியூட்டன் அவளை விடுவித்தார், ஆனால் விடுவித்த விதத்தைப் பாருங்கள்: நீ சொல்வதுபோல் ஒழுக்கமானவள் என்றால் இரவில் ரீஜன்ட் ஸ்ட்ரீட்டில் நடக்காதே, நடந்தால் அபராதமோ சிறையோ உண்டு என்று எச்சரித்து அனுப்பினார்.

முதலாளியம்மா விடவில்லை, புகார் எழுதினார், பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன. உள்துறை அமைச்சர் ஹென்றி மேத்யூஸ் விசாரணைக்கு மறுக்க, ஜூலை 5ஆம் தேதி நாடாளுமன்றத்தில் அவையை ஒத்திவைக்கும் தீர்மானம் வந்து, 153க்கு 148 என்று அரசாங்கம் ஐந்து ஓட்டில் தோற்றது. அப்புறம் விசாரணை நடந்தது. எண்டகாட் மீது பொய் சாட்சி வழக்கும் நடந்தது, அவர் ஆள் மாறிப்போய் நம்பியிருக்கலாம் என்று நீதிபதி சொல்ல விடுதலையானார். போலீஸ் கமிஷனர் சார்லஸ் வாரன், தொந்தரவுக்கு உள்ளானவர் புகார் கொடுத்தால் ஒழிய இப்படிக் கைது செய்ய வேண்டாம் என்று உத்தரவு போட்டார். கைதுகள் குறைந்தன. சிலர் பாராட்டினார்கள், சிலர் ‘இனி தெருவில் நடக்க முடியாது’ என்றார்கள்.

இந்த வழக்கில் எனக்கு உறைப்பது மணிதான். மாஜிஸ்திரேட் சொன்னதில் அவருக்கே தெரியாமல் ஒரு கணக்கு இருந்தது. மூன்று மணிக்கு ரீஜன்ட் ஸ்ட்ரீட்டில் உலாத்த முடிகிறவள் யார்? வேலைக்குப் போகாதவள். அவள் போட்டிருக்கும் உடுப்பைத் தைத்தவளுக்கு அந்த நேரத்தில் கையில் ஊசி. அவளுக்கு ஓய்வு கிடைப்பதே விளக்கு ஏற்றிய பிறகு, அவள் ஒரு கையுறை வாங்க வந்தாலும் அந்த நேரத்தில்தான் வரமுடியும். நேரத்தை வைத்து ஒழுக்கத்தை அளந்தால், உழைக்கிறவள் எல்லோரும் அளவில் குறைந்தே இருப்பாள்.

கண்ணாடிக்கு உள்பக்கம் நின்றவர்களையும் பார்க்க வேண்டும். கடைச் சிப்பந்திப் பெண்கள் காலையிலிருந்து இரவு கடை மூடும்வரை நின்றார்கள். கடைக்காரர் தங்கவைத்த இடத்திலேயே பலர் படுத்துச் சாப்பிட்டார்கள், அதற்கான விதிகளும் அபராதங்களும் தனி. 1886இல் வந்த சட்டம் பதினெட்டு வயதுக்குக் கீழ் இருப்பவர்களை வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்றது. அதுதான் அன்றைக்குப் பெரிய சலுகை. வாடிக்கையாளர் இல்லாதபோதும் உட்காரக் கூடாது, உட்கார்ந்திருந்தால் வியாபாரம் மந்தம் என்று வெளியே தெரிந்துவிடுமாம். டாக்டர்கள் பலமுறை சொல்லி, பெண்கள் அமைப்புகள் கேட்டுக் கேட்டு, 1899இல் சட்டம் வந்தது: கடையில் மூன்று பெண்களுக்கு ஒரு நாற்காலி வீதம் போட்டாக வேண்டும். தமிழ்நாட்டில் கடை ஊழியர்களுக்கு இருக்கை கட்டாயம் என்று சட்டத்தைத் திருத்தியது 2021இல். அடுத்த முறை ஜவுளிக்கடைக்குப் போகும்போது, புடவை விரித்துக் காட்டுகிறவருக்குப் பின்னால் ஸ்டூல் இருக்கிறதா என்று பாருங்கள்.